யுனிவர்சல் கிரெடிட்டில் சாங்ஷன்: பிரித்தானியத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை போன பிறகு யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு மாத உதவித்தொகையை நம்பி மாதத்தை ஓட்டும் குடும்பத்துக்கு, திடீரென்று அந்தக் காசு வராமல் போவது பெரிய அடி. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கமிருந்து படிவம் நிரப்பவும் முறையீடு எழுதவும் உதவி கேட்டு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. ஏப்ரல் தோறும் மாறும்.

சாங்ஷன் என்றால் என்ன? எதற்காகப் போடுகிறார்கள்?

யுனிவர்சல் கிரெடிட் கேட்கும்போது ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்கிறீர்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை தேடுவேன், கூப்பிட்ட நாளில் வருவேன், சொன்ன பயிற்சிக்குப் போவேன் என்று அதில் இருக்கும். அதில் ஒன்றைத் தக்க காரணம் இல்லாமல் செய்யத் தவறினீர்கள் என்று வேலை, ஓய்வூதியத் துறை முடிவெடுத்தால், உங்கள் அடிப்படைத் தொகையைக் குறிப்பிட்ட நாட்களுக்கு வெட்டும். அதுதான் சாங்ஷன். இது குற்றம் இல்லை, மோசடிக் குற்றச்சாட்டும் இல்லை, போலீஸ் பதிவில் வராது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடிதத்தைக் கண்டதும் பயந்து, யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைத்து, முறையீட்டுக்கான நாளைத் தவறவிடுகிறவர்கள் நம்மவர்களில் அதிகம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஜாப் சென்டரில் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) உங்கள் எதிரே உட்காரும் ஒர்க் கோச், அதாவது உங்கள் வேலை தேடலைக் கவனிக்கும் அலுவலர், சாங்ஷன் போடுவதில்லை. அவர் எழுதி மேலே அனுப்புவார். உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஓர் அதிகாரி அந்தத் தாளை வைத்துத்தான் முடிவெடுப்பார். ஆகவே நேரில் நீங்கள் சொன்ன விளக்கம் எழுத்தில் இல்லையென்றால், அது அவர் கண்ணுக்குப் போகவே போகாது.

எத்தனை நாள்? எவ்வளவு காசு போகும்?

25 வயதோ அதற்கு மேலோ ஆன தனி ஆளுக்கு மாத அடிப்படைத் தொகை 400.14 பவுண்டு. சாங்ஷனில் நாளொன்றுக்கு 13.10 பவுண்டு கழிப்பார்கள். அதாவது ஏறக்குறைய முழுத் தொகையும்.

நாட்கள் தவறைப் பொறுத்தவை. கொடுத்த வேலையை மறுத்தால், அல்லது இருந்த வேலையைக் காரணமில்லாமல் விட்டால், முதல் முறை 91 நாள்: 1,192 பவுண்டு. ஒரு வருடத்துக்குள் மறுபடி அப்படி நடந்தால் 182 நாள். ஒப்புக்கொண்ட அளவு வேலை தேடவில்லை என்றால் முதல் முறை 28 நாள், அடுத்து 91. அப்பாயின்ட்மென்ட் தவறுவது, பயிற்சிக்குப் போகாதது போன்றவை கீழ்மட்டத் தவறுகள். அதன் கணக்கை அடுத்த கேள்வியில் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் மாட்டுவது அங்கேதான். வேலை தேடத் தேவையில்லை, வந்து பேசினால் போதும் என்ற பிரிவில் இருப்பவர்களுக்கு 40 சதவீதம் மட்டும் வெட்டு.

2012 அக்டோபரிலிருந்து சில ஆண்டுகள் இது மூன்று வருடம் வரை போனது. வேலையை மறுத்ததற்காக மூன்று வருடம் அடிப்படைக் காசு இல்லை! 2019 நவம்பரில்தான் ஒரு சாங்ஷனின் உச்சவரம்பை 26 வாரமாகக் குறைத்தார்கள்.

ஒரேயொரு அப்பாயின்ட்மென்ட் தவறிவிட்டது. அதற்குமா?

ஆம். இன்று போடப்படும் சாங்ஷன்களில் பத்தில் சுமார் ஒன்பது இந்த ஒரே காரணத்துக்காகத்தான். வேலைக்குப் போக மனமில்லாமல் வீட்டில் கிடப்பவர்களைப் பிடிக்கும் ஏற்பாடு என்று பத்திரிகைகள் எழுதுவதை நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் இது பிடிப்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.20க்கு வராதவரைத்தான்.

இதன் கணக்கு இரண்டு பகுதி. தவறிய நாளிலிருந்து நீங்கள் மறுபடி தொடர்புகொண்டு புது அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒத்துக்கொள்ளும் நாள் வரை ஒரு பகுதி. அது முடிந்ததும், முதல் தடவை என்றால் மேலும் 7 நாள். ஒரு வருடத்துக்குள் இரண்டாம் தடவை என்றால் 14, அதற்கும் மேல் என்றால் 28.

மாதம் 3ஆம் தேதி தவறவிட்டு 10ஆம் தேதி தொடர்புகொண்டால் முதல் பகுதி 7 நாள், அதோடு இன்னும் 7. மொத்தம் 14 நாள், 183.40 பவுண்டு. அதே ஆள் "எப்படியும் வெட்டிவிட்டார்கள், இனிப் போய் என்ன" என்று மனம் வெறுத்து 30 நாள் சும்மா இருந்துவிட்டால் 37 நாள் ஆகிவிடும்: 484.70 பவுண்டு. தவறியது அதே ஒரு சந்திப்புதான். வித்தியாசம் முழுக்கப் பேசாமல் இருந்த நாட்களின் விலை. அதனால், தவறிவிட்டது என்று தெரிந்த நிமிடமே ஜர்னலில் (உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பக்கம்) எழுதுங்கள் அல்லது போன் செய்யுங்கள். காரணம் சரியா தவறா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அதை அப்புறம் வாதாடலாம்.

ஜர்னலில் என்ன எழுதுவது என்று கேட்பார்கள். நீளமாக வேண்டாம். ஆங்கிலத்தில் இந்தப் பொருள் வந்தால் போதும்: "இன்று காலை 10.20 சந்திப்புக்கு வர முடியவில்லை. மகனுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்திலிருந்து 9.30க்கு அழைத்தார்கள், அழைப்பு என் போனில் பதிவாகியிருக்கிறது. நாளையே வரத் தயார். புது நேரம் கொடுங்கள். இதைத் தக்க காரணமாகப் பதிவு செய்யுங்கள்." நேரம், காரணம், சான்று, வரத் தயார் என்ற சொல், நான்கும் அதில் இருக்கின்றன. எழுதியதும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் "தக்க காரணம்" என்று ஏற்பார்கள்?

சட்டத்தில் பட்டியல் கிடையாது. அது நமக்கு நல்லதுதான், எந்த நியாயமான காரணத்தையும் முன்வைக்கலாம். உடல்நலக் குறைவு, மனநலப் பிரச்சினை, பிள்ளைக்கு நோய், வீட்டில் சாவு, வீட்டு வன்முறை, வீடில்லாமல் போனது, கடிதம் சரியாக வந்து சேராதது, பஸ் ரயில் ஓடாதது என எல்லாவற்றையும் அதிகாரி கணக்கில் எடுக்க வேண்டும். "மறந்துவிட்டேன்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. ஆனால் ஏன் மறந்தது? தூக்கமில்லை, மன அழுத்த மாத்திரை எடுக்கிறேன், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றால் அதுதான் காரணம், அதை எழுதுங்கள். நம் ஆட்கள் குடும்பக் கஷ்டத்தை வெள்ளைக்காரரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வெறும் "சாரி" எழுதிவிட்டு வருகிறார்கள். அந்தக் கூச்சம் நூற்றுக்கணக்கான பவுண்டைக் கொண்டுபோய்விடுகிறது.

வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 13 வாரம் வரையும், துணையையோ பிள்ளையையோ இழந்தவர்களுக்கு ஆறு மாதமும் வேலை தேடும் கடமையே கிடையாது. கேட்டால்தான் கிடைக்கும். காய்ச்சல், இடுப்புவலி என்று படுத்தால் முதல் 7 நாளுக்கு நீங்களே சொன்னால் போதும், அதன்பின் டாக்டரிடம் ஃபிட் நோட் என்ற மருத்துவச் சான்று வாங்குங்கள்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மெசேஜ் புரியாமல் தவறவிட்டால்?

போனுக்கு வருவது "ஜர்னலில் ஒரு செய்தி இருக்கிறது" என்ற அளவுக்குத்தான். உள்ளே போய்ப் பார்த்தால்தான் நாளும் நேரமும் தெரியும். இரவு வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தவர் அதைத் திறக்காமலே இருந்துவிடுவார். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தினமும் ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தமிழுக்கும் ஏற்பாடு செய்வார்கள், காசு கிடையாது. முதல் சந்திப்பிலேயே "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று ஜர்னலில் எழுதி வைத்துவிடுங்கள். பின்னாளில் புரியாமல் ஒன்று தவறினால், கேட்டும் தரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று புரியாமல் சரி என்று அழுத்தாதீர்கள். வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மனைவிக்கு விழுந்த சாங்ஷனால் வீட்டு வாடகையும் பிள்ளைகள் காசும் நிற்குமா?

நிற்காது. வெட்டு அடிப்படைத் தொகையில் மட்டும். வாடகைப் பகுதி, பிள்ளைகளுக்கான பகுதி, பராமரிப்பாளர் பகுதி இவற்றில் கைவைக்க முடியாது. கணவன் மனைவி சேர்ந்து எடுக்கும்போது ஒருவருக்கு விழுந்தால் அவர் பங்கான பாதி மட்டும், நாளொன்றுக்கு 10.30 பவுண்டு போகும். ஆனால் ஒரு குடும்பத்தில் அரிசி பருப்புக்கும் கரண்டுக்கும் போவது இந்த அடிப்படைத் தொகைதான். பிள்ளைகள் பணம் தனியாக இருக்கிறது என்று காகிதத்தில் சொல்லலாம். சாப்பாட்டுத் தட்டில் அந்தப் பிரிவு கிடையாது.

சின்னப் பிள்ளை இருக்கிறது. வாரம் 35 மணி நேரம் தேடச் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. 35 மணி என்பது பொறுப்பு ஏதும் இல்லாதவருக்கு. பிள்ளையை முக்கியமாகப் பார்த்துக்கொள்பவராக ஒருவரைப் பதிவு செய்யலாம். பிள்ளைக்கு ஒரு வயதுக்குள் என்றால் கடமை எதுவும் இல்லை. ஒரு வயதில் வந்து பேசினால் போதும், இரண்டில் தயாரிப்பு வேலைகள் மட்டும். 3 முதல் 12 வரை அதிகபட்சம் 30 மணி, அதுவும் பள்ளி நேரத்தைப் பார்த்துக் குறைக்க வேண்டும். வயதான பெற்றோரைப் பார்ப்பவருக்கும் குறைக்கலாம். முதலில் போட்ட ஒப்பந்தமே முடிவு என்று இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றக் கேட்கலாம்.

பகுதி நேர வேலை செய்கிறேன். எனக்கும் சாங்ஷன் வருமா?

தனி ஆள் மாதம் 952 பவுண்டுக்குக் கீழே, தம்பதி சேர்ந்து 1,534க்குக் கீழே சம்பாதித்தால் முழுநேரம் வேலை தேடும் பிரிவிலேயே வைத்திருப்பார்கள். கடையிலோ பெட்ரோல் ஸ்டேஷனிலோ வாரம் 16 மணி நேரம் வேலை செய்பவர்கள் இதில் வந்துவிடுகிறார்கள். ஷிப்ட் நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் போட்டால் ரோட்டாவை (ஷிப்ட் அட்டவணை) படம் எடுத்து ஜர்னலில் போட்டு மாற்றக் கேளுங்கள்.

முதலாளி கொடுமை தாங்காமல் வேலையை விட்டேன். 91 நாள் வெட்டுவார்களா?

காரணம் காட்டினால் வெட்டக் கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் தராதது, ஏச்சு, பாலியல் தொல்லை, உடம்புக்கு ஒத்துவராத வேலை எல்லாம் காரணம்தான். நம்மவர் கடையில் கையில் காசு வாங்கி வேலை செய்து சண்டையோடு வெளியே வந்தவர்களுக்குச் சான்று காட்டுவது கஷ்டம். வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பதிவு, கூட வேலை பார்த்தவரின் ஒரு வரி, எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். விடுவதற்கு முன்பே முதலாளிக்கு எழுத்தில் குறை சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்துவிட்டார். உடனே போக வேண்டும். என்ன செய்வது?

போங்கள். ஆனால் விமானம் ஏறுமுன் ஜர்னலில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள். ஒரு மாதம் வரை வெளிநாட்டில் இருந்தாலும் யுனிவர்சல் கிரெடிட் தொடரலாம். நெருங்கிய உறவின் மரணம் என்றால், அதற்குள் திரும்புவது நியாயமாக முடியாது என்று காட்டி இன்னொரு மாதம் நீட்டிக்கக் கேட்கலாம். அந்தியேட்டிச் சடங்கு இறந்த 31ஆம் நாள் வருவதால் பலருக்கு இந்த நீட்டிப்பு தேவைப்படும். அதைக் கிளம்பும்போதே விளக்கி எழுதுங்கள், அங்கே போனபின் வேண்டாம்.

நெருங்கிய உறவு என்பது அவர்கள் கணக்கில் பெற்றோர், மாமனார் மாமியார், பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தவர்கள், இவர்களின் துணைவர் போன்றோர்தான். வளர்த்த சித்தப்பாவும் தாய்மாமனும் அதில் இல்லை. நம் உறவுமுறைக்கு இது கொடுமை, ஆனாலும் விதி அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கும்போதும் வேலை தேடும் கடமை தானாக நிற்காது, அந்த நாட்களுக்கு அதை நிறுத்தி வைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழ் அல்லது மரண அறிவித்தலின் படம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒன்றுமே இல்லை. இப்போதைக்கு என்ன வழி?

கஷ்டகாலக் கொடுப்பனவு ஒன்று இருக்கிறது. வெட்டிய தொகையில் 60 சதவீதம் கிடைக்கும். சாப்பாடு, சூடேற்றல், தங்குமிடம் போன்ற அடிப்படைத் தேவைக்கே வழியில்லை, செலவைக் குறைத்துப் பார்த்தாயிற்று, வேறு உதவியும் தேடிப் பார்த்தாயிற்று, கடந்த 7 நாளாகச் சொன்ன கடமைகளைச் செய்திருக்கிறேன் என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கேட்க வேண்டும். முக்கியமாக, இது கடன். சாங்ஷன் முடிந்ததும் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். தண்டனைக் காசைத் தவணையில் கட்ட வைக்கும் ஏற்பாடுதான் இது, எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இருந்தாலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வாங்காமல் இருக்காதீர்கள்.

கவுன்சிலின் நெருக்கடி உதவி நிதியைக் கேளுங்கள். ஃபுட் பேங்குக்கு ஜி.பி. அல்லது ஆலோசனை மையம் வவுச்சர் தரும். கோயில் அன்னதானத்துக்கும் குருத்வாராவுக்கும் போக வெட்கப்பட ஒன்றுமில்லை. வட்டிக்கும் சீட்டுக் காசுக்கும் மட்டும் போகாதீர்கள்.

முடிவை எதிர்த்து எப்படி முறையிடுவது?

முதல் படி மறுபரிசீலனை. முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் ஜர்னலிலோ கடிதத்திலோ கேளுங்கள். "இந்தச் சாங்ஷன் முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள்" என்ற சொல் தெளிவாக இருக்க வேண்டும். "இது அநியாயம்" என்று மட்டும் எழுதினால் புகாராக எடுத்துக்கொண்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். நாள் தவறிவிட்டதா? பரவாயில்லை, கேளுங்கள். சாங்ஷன் முடிவுகளை எப்போது வேண்டுமானாலும் திருத்தச் சட்டத்தில் இடமுண்டு. பழைய கடிதத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

அதிலும் மறுத்தால், அந்தப் பதில் வந்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை. ஜாப் சென்டருக்குச் சம்பந்தமில்லாத நீதிபதி கேட்பார், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் தருவார்கள். துறை தன் தாள்களை எல்லாம் அங்கே வைக்க வேண்டும்: எந்த நாளில் எப்படி அறிவித்தோம், உங்கள் விளக்கத்தைக் கேட்டோமா என்பது உட்பட. அந்தத் தாள்களைத் தேதி தேதியாக வாசியுங்கள். "உங்கள் விளக்கத்தைக் கேட்டும் வரவில்லை" என்று கடிதத்தில் இருக்கும். ஜர்னலைத் திறந்தால் அதே வாரம் விளக்கம் எழுதிய பதிவு இருக்கும். இப்படி ஒரு வரி போதும் வழக்கு திரும்ப. வென்றால் வெட்டிய காசு முழுவதும் திரும்பி வரும்.

சிட்டிசன்ஸ் அட்வைஸ், உள்ளூர் சட்ட மையம், கவுன்சிலின் நலஉதவிப் பிரிவு மூன்றும் இலவசம். படிவத்துக்குக் காசு கேட்கும் "ஏஜென்ட்" யாரிடமும் போக வேண்டாம்.

தனியார் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். சம்பளமில்லாமல் வேலை செய்யச் சொல்ல முடியுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் தொடங்கிய, நீண்டநாள் வேலையில்லாதவர்களுக்கான ரீஸ்டார்ட் திட்டத்தைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. அவர்களால் சாங்ஷன் போட முடியாது, வரவில்லை என்று துறைக்கு எழுத மட்டும் முடியும். அதனால் அவர்களோடு பேசியதையும் ஜர்னலில் ஒரு வரி பதிந்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் அந்த அரசு நடத்தும் வேலைத் திட்டங்களில் சேர்வது விருப்பம் மட்டுமே.

சம்பளமில்லா வேலை பற்றிய பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. 2011 நவம்பரில் பர்மிங்ஹாமில் கெய்ட் ரைலி என்ற நிலவியல் (ஜியாலஜி) பட்டதாரி, அருங்காட்சியகம் ஒன்றில் தானே விரும்பிச் செய்துவந்த தொண்டை விட்டுவிட்டு, பவுண்ட்லேண்ட் கடையில் இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வேலை செய்ய நேர்ந்தது. போகாவிட்டால் காசு நிற்கும் என்றார்கள். ஜேமிசன் வில்சன் என்ற மெக்கானிக், வாரம் 30 மணி வீதம் ஆறு மாதம் இலவசமாக வேலை செய்ய மறுத்து, உதவித்தொகையை இழந்தார். இருவரும் வழக்குப் போட்டார்கள். 2013 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், திட்டம் என்னவென்றே விதிகளில் விவரிக்கவில்லை என்று சொல்லி அந்த விதிகளைச் செல்லாததாக்கியது.

அப்படியானால் வெட்டிய காசையெல்லாம் திருப்பித் தர வேண்டும் அல்லவா? அரசு அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, பழைய சாங்ஷன்களைப் பின்தேதியிட்டுச் செல்லுபடியாக்கிவிட்டது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விதிகள் செல்லாதவையே என்று உறுதி செய்தது. ஆனால் கட்டாய உழைப்பு என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஏற்கனவே முறையிட்டிருந்தவர்களின் நியாயமான விசாரணை உரிமையை அந்தச் சட்டம் பறித்தது என்று 2016இல் நீதிமன்றம் சொன்ன பிறகும், திருத்த ஆணை வர 2020 ஆயிற்று. அதில் பயன் பெற முடிந்தது, 2013இல் அந்தச் சட்டம் வருமுன்பே முறையீட்டைப் போட்டு வைத்திருந்தவர்களுக்கு மட்டும். முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டினால்தான் வேலைக்குப் போவார்கள் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்களில் நம்மவர்களும் உண்டு, கடுமையாக உழைத்து மேலே வந்தவர்கள். அவர்களுக்கு அரசின் சொந்த ஆய்வையே காட்டுங்கள். வெளியிட மறுத்துவந்து, கடைசியில் 2023 ஏப்ரலில் துறை வெளியிட்ட அறிக்கை சொல்வது இது: சாங்ஷன் விழுந்தவர்கள் வேலைக்குப் போக அதிக காலம் எடுக்கிறார்கள், போனபின்னும் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள். அதற்கு முன்பே, 2016இல், தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தது. 2015இல் மட்டும் சுமார் 4 லட்சம் சாங்ஷன்கள், நிறுத்திவைத்தது 13.2 கோடி பவுண்டு. இதனால் என்ன பலன் என்று துறை தன் தரவுகளை வைத்தே ஆராயவில்லை என்றும் அது குறை சொன்னது.

பஸ்ஸுக்குக் காசில்லாதவர் இன்டர்வியூவுக்கு எப்படிப் போவார்? 2013இல் ஸ்டீவனேஜில் சர்க்கரை நோயாளியான ஒரு முன்னாள் ராணுவ வீரர், சந்திப்புகளைத் தவறவிட்டதற்காகக் காசு நிறுத்தப்பட்ட சில வாரங்களில் இறந்து கிடந்தார். மின்சார மீட்டரில் காசு போடவில்லை. இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. இதைத் தெரிந்துகொண்டும் இந்த முறையை ஆதரிக்க என்னால் முடியவில்லை. இன்சுலின் எடுப்பவராக இருந்தால், வேறு எந்த நீண்டகால நோய் இருந்தாலும், அதை இன்றே ஜர்னலில் பதிந்து வையுங்கள்.

வேலை விசாவில் இருக்கிறேன். எனக்கு இது பொருந்துமா?

விசாவில் "அரசு நிதி உதவி இல்லை" என்ற நிபந்தனை இருந்தால் யுனிவர்சல் கிரெடிட் கேட்கவே கூடாது, கேட்டால் விசாவுக்கே ஆபத்து. அந்த நிபந்தனை இல்லாதவர்களுக்கே, அதாவது அகதி அந்தஸ்து, நிரந்தர வதிவிட உரிமை, குடியுரிமை போன்றவை உள்ளவர்களுக்கே, இங்கே எழுதியது பொருந்தும். சந்தேகம் இருந்தால் முதலில் குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள்.

ஜாப் சென்டருக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம். மகள், அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. வருகிறார் என்று முந்தின நாள் ஜர்னலில் சொல்லிவிடுங்கள். கூட வருபவர் பேச வேண்டியதில்லை, பேசியதைத் தேதி நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாலே போதும். வெளியே வந்ததும் அதை ஜர்னலிலும் ஏற்றிவிடுங்கள்.